மளிகைச் சீட்டைத் திருத்துவோம்: வீட்டுச் சாப்பாட்டை மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

சாப்பாட்டை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் தட்டில்தான் கை வைப்பார்கள். "இன்றிலிருந்து சோறு பாதி", "இனி ராத்திரி சப்பாத்திதான்" என்று தொடங்குவார்கள். பத்து நாளில் அது ஓய்ந்துவிடும். பசி வந்த நேரத்தில் அலமாரியில் என்ன இருக்கிறதோ அதைத்தானே எடுப்போம்? அலமாரியில் முறுக்கும் பிஸ்கட்டும் இருந்தால் முறுக்கும் பிஸ்கட்டும்தான். ஊறவைத்த கொண்டைக்கடலை இருந்தால் சுண்டல்.

எங்கள் வீட்டில் மாற்றம் தொடங்கிய இடம் மாத மளிகைச் சீட்டு. மாதத்துக்கு ஒரே ஒரு முறை, பசி இல்லாத நேரத்தில், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு அது. அந்த ஒரு முடிவைச் சரியாக எடுத்துவிட்டால் அடுத்த 30 நாள் தினமும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அந்தச் சீட்டை எப்படித் திருத்துவது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: போன மாதச் சீட்டை எடுத்துக் கூட்டுங்கள்

போன மாதம் வாங்கிய எல்லாவற்றின் எடையையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடை பில், ரேஷனில் வாங்கியது, இடையில் முக்குக் கடையில் வாங்கியது, இணையத்தில் வரவழைத்தது எல்லாம் சேர வேண்டும். பொருள் பெயர்வாரியாக எழுதாமல் வகைவாரியாகக் கூட்டுங்கள். அரிசி, இட்லி அரிசி, கோதுமை மாவு, ரவை, சேமியா, மைதா, அவல் எல்லாம் ஒரே வகை. துவரம்பருப்பு, உளுந்து, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு, பயறுகள் இன்னொரு வகை. எண்ணெயும் நெய்யும் ஒன்று. சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி ஒன்று. பாக்கெட் தின்பண்டம் தனி.

நாலு பேர் உள்ள எங்கள் வீட்டில் முதல் முறை கூட்டியபோது தானியம் மட்டும் 39 கிலோ வந்தது. ஒரு சிப்பம் அரிசி 26 கிலோ, மற்றவை 13 கிலோ. பருப்பும் பயறும் சேர்ந்து நாலரை கிலோ. எண்ணெய் 6 லிட்டர். சர்க்கரை 4 கிலோ. பிஸ்கட், மிக்சர், ரஸ்க் வகையறா 3 கிலோ. "நாம் நல்லாத்தானே சாப்பிடுகிறோம்" என்று நினைத்துக்கொண்டிருந்த வீடு எங்களுடையது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

படி 2: அளவுகோலோடு ஒப்பிடுங்கள்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்து வெளியிட்டது. அதில் ஒரு நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு என்னென்ன எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய், நெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. இதெல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை.

இந்த நிறுவனத்துக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. இது 1918-ல் குன்னூரில், ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவரின் கீழ், பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவாகத் தொடங்கியது. 1958-ல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. அந்தப் பெரிபெரி கதை அரிசியைப் பற்றியது. நாலாவது படியில் சொல்கிறேன்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். நாலு பெரியவர்கள், 30 நாள் என்றால்:

தானியம் எல்லாம் சேர்த்து 30 கிலோ
பருப்பு, பயறு 10 கிலோ
காய்கறி, கீரை நாளுக்கு 1.6 கிலோ
பழம் நாளுக்கு 400 கிராம்
வேர்க்கடலை, எள் போன்றவை 4 கிலோ
எண்ணெய், நெய் சுமார் மூன்றரை லிட்டர்
பால், தயிர் நாளுக்கு 1.2 லிட்டர்

சின்னப் பிள்ளைகள் இருந்தால் குறையும், உடலுழைப்பு அதிகம் என்றால் கூடும். முட்டை, மீன், கறி சாப்பிடும் வீடுகளில் பருப்பின் ஒரு பகுதிக்கு அவை ஈடாகும். கிராம் சுத்தமாகக் கணக்குப் பார்க்க வேண்டாம். எது பாதி இருக்கிறது, எது இரண்டு மடங்கு இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

எங்கள் தாளில் பெரிய ஓட்டை பருப்பில் இருந்தது. 10 கிலோ வேண்டிய இடத்தில் நாலரை. நம் ஊரில் நிறைய வீடுகளின் கணக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியில் பயறுக்குத்தான் அதிக இடம்.

படி 3: முதல் மாதம் பயறைக் கூட்டுங்கள்

எதையும் குறைப்பதற்கு முன் ஒன்றைக் கூட்ட வேண்டும். சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காவிட்டால் நாலு மணிக்குப் பசிக்கும். மிக்சர் டப்பா திறக்கும். பயறு வயிற்றில் நின்று பசி தாங்கும். புரதமும் நார்ச்சத்தும் ஒன்றாகக் கிடைக்கும்.

தானியத்தையும் பருப்பையும் சேர்த்துச் சாப்பிடுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். மேலே சொன்ன 250 கிராமும் 85 கிராமும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. இந்த மூன்றுக்கு ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்.

நம் பழைய சமையலை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கும். கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதம் இரண்டுக்கு ஒன்று அல்லது மூன்றுக்கு ஒன்று. அடை இரண்டுக்கு ஒன்று, சில வீடுகளில் சரிபாதி. வெண்பொங்கல் இரண்டுக்கு ஒன்று. இட்லி நாலுக்கு ஒன்று. அதோடு பருப்பு போட்ட சாம்பார் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி மட்டும், மதியம் தெளிந்த ரசம் மட்டும், இரவு தோசைக்குத் தக்காளிச் சட்னி மட்டும் என்று போகும் நாட்களில்தான் இந்தக் கணக்கு உடைகிறது.

நாலு பேருக்கு ஒரு நாளுக்கு 340 கிராம் பருப்பு என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். பிரித்துப் போட்டால் தெரியாது. காலை இட்லி, தோசை மாவில் உளுந்து 90 கிராம். மதியம் சாம்பாரில் 110 கிராம், கூட்டில் பாசிப்பருப்பு 40 கிராம். சாயங்காலம் சுண்டல் 100 கிராம். அவ்வளவுதான்.

இதில் புதிதாகச் சேர வேண்டியது சாயங்காலச் சுண்டல் மட்டுமே. அதைப் பழக்கமாக்க ஒரு வழி: ஏழு பயறு, ஏழு நாள். கறுப்புக் கொண்டைக்கடலை, பச்சைப் பயறு, தட்டைப்பயறு, மொச்சை, காராமணி, பட்டாணி, வேர்க்கடலை என்று வரிசையாக டப்பாக்களை வைத்துவிடுங்கள். தட்டைப்பயறும் காராமணியும் சில ஊரில் ஒன்றே; அப்படியானால் அந்த இடத்தில் கொள்ளு. சுண்டல் பிடிக்காத பிள்ளைகளுக்கு அதே பயறை மசித்து, அடை மாவிலோ சப்பாத்தி மாவிலோ கலந்து தரலாம்.

ஊறவைப்பதில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். காலையில் எழுந்து "ஐயோ, ஊறப்போட மறந்துட்டேன்" என்பதுதான் எல்லா வீட்டிலும் கேட்கும் குரல். எங்கள் வீட்டில் ராத்திரி பாத்திரம் கழுவி முடித்தவுடன் செய்யும் கடைசி வேலை பயறு ஊறப்போடுவது என்று வைத்துக்கொண்டோம். கொண்டைக்கடலை, மொச்சை, கொள்ளு, பட்டாணி 8 முதல் 10 மணி நேரம் ஊற வேண்டும். பச்சைப் பயறுக்கும் தட்டைப்பயறுக்கும் 5, 6 மணி நேரம் போதும். மறந்துபோன நாளில் பச்சைப் பயறை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்துக் குக்கரில் நேரே போடலாம், ஊறாமலேயே வெந்துவிடும்.

வாயுத் தொல்லை என்று பயந்து பயறை ஒதுக்கியவர்கள் இப்படிச் செய்து பாருங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். பெருங்காயம், இஞ்சி, பூண்டு தாராளமாகச் சேருங்கள். முதல் இரண்டு வாரம் ஆளுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். குடலுக்கும் பழகக் கொஞ்ச நாள் வேண்டும்.

முளைகட்டுவது சுலபம். ஊறிய பச்சைப் பயறைத் தண்ணீர் சுத்தமாக வடித்து, ஈரத் துணியில் கட்டி, மூடிய பாத்திரத்தில் வைத்தால் மறுநாள் காலை முளை எட்டிப் பார்க்கும். முளைக்கும்போது அதில் வைட்டமின் சி உண்டாகிறது. வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் லேசாக ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள். பச்சை முளைப்பயறில் கிருமி பெருக வாய்ப்பு உண்டு.

துவரம்பருப்பு விலை ஏறும் மாதங்களில் பருப்பைக் குறைக்காமல் வகையை மாற்றுங்கள். கொள்ளும் தட்டைப்பயறும் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும். கொள்ளுப் பருப்புக் கடைசல், கொள்ளு ரசம், தட்டைப்பயறு போட்ட கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் துவரை இல்லாமலே நிறைவான சாப்பாடு. வாங்கும்போது அளவுக்கு மீறிப் பளபளக்கும் துவரம்பருப்பை எடுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டதும் மஞ்சள் சாயம் இறங்கினால் அது நிறமேற்றியது.

படி 4: அரிசியை விரோதியாக்க வேண்டாம், அளவையும் வகையையும் பாருங்கள்

பயறு கூடியதும் சோறு தானாகக் கொஞ்சம் குறையும். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. 39 கிலோ தானியம் மூன்றாம் மாதம் 32 ஆனது. யாரும் பசியோடு எழுந்ததில்லை.

ஒருவருக்கு 250 கிராம் என்றால் எப்படிப் பிரியும்? காலை மூன்று நாலு இட்லியில் 80 கிராம் அரிசி. மதியம் 100 கிராம் அரிசி. வெந்தபின் அது 300 கிராம் சோறு ஆகும். இரவு இரண்டு மூன்று சப்பாத்தியில் 70 கிராம். ஒரு நாள் மட்டும் அரிசியை அளந்து வைத்துச் சமைத்து, உங்கள் வீட்டுக் கரண்டியில் அது எத்தனை கரண்டி என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அளக்கவே வேண்டாம்.

இப்போது பெரிபெரி கதை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை முதன்மை உணவாக உண்ட இடங்களில் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் பலவீனமாகும் பெரிபெரி நோய் பரவியிருந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் இன்றைய ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் அது அதிகம். புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் அந்த அளவுக்கு இல்லை. காரணம் பி1 வைட்டமின். அது நெல்லின் மேல் தோலிலும் தவிட்டிலும் இருக்கிறது. பச்சரிசியைத் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பின் தீட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். நெல் அவித்த நம் பாட்டிமார்கள் வைட்டமின் என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் அந்த நோய் வரவில்லை.

அதனால் தினச் சோற்றுக்குப் புழுங்கலரிசி நல்ல தேர்வு. கைக்குத்தல் அரிசியோ, மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசியோ வாரம் இரண்டு நாள் சேர்ந்தால் இன்னும் நல்லது. அதை ஒரு மணி நேரமாவது ஊறவைத்து, வெள்ளை அரிசிக்கு ஊற்றுவதைவிடத் தண்ணீர் கூடுதலாக ஊற்ற வேண்டும். முதல் நாளே முழுச் சோறாகப் பரிமாறினால் வீட்டில் எதிர்ப்பு வரும். கஞ்சியாகவும் இட்லி மாவில் கால் பங்காகவும் தொடங்குங்கள்.

ரேஷன் அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. அண்மை ஆண்டுகளில் அதில் 100 கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் செறிவூட்டிய அரிசிமணி கலந்து தந்தார்கள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்த மணி அது. நிறம் சற்று வேறாகத் தெரியும், கழுவும்போது மிதக்கும். "பிளாஸ்டிக் அரிசி" என்று பயந்து அதைப் பொறுக்கி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எறிய வேண்டாம், நாலைந்து முறை தேய்த்துக் கழுவவும் வேண்டாம்.

சிறுதானியம் சேர்ப்பது எப்படி

2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கடைகளில் சாமை, தினை, வரகு, குதிரைவாலி எல்லாம் தாராளமாகக் கிடைக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் வெள்ளை வெளேரென்று தீட்டிய சாமைக்கும் வெள்ளை அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மங்கலான, லேசான பழுப்பு நிறத்தில் இருப்பதைத் தேடி வாங்குங்கள். தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அரைக் கிலோ, ஒரு கிலோவுக்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டாம். கம்பு மாவு இரண்டு வாரத்திலேயே கசக்கத் தொடங்கும். அவ்வப்போது அரைத்துக்கொள்வதே நல்லது.

வாங்கியதைக் கல் அரித்து, அரை மணி ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கொதித்ததும் போட்டு, சிறுதீயில் மூடி வேகவையுங்கள். குதிரைவாலிக்கு இரண்டு பங்கு தண்ணீர் போதும். அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் அப்படியே விட்டால் உதிரியாக வரும். பொங்கல், கிச்சடி, தயிர் சாதம் ஆகிய மூன்றிலும் அரிசிக்குப் பதில் அப்படியே பொருந்தும். வெறும் சோறாக சாம்பார் ஊற்றிச் சாப்பிடுவது கடைசியில் வரட்டும்.

இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கேழ்வரகைச் சொல்வேன். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அதே அளவு பாலில் 120 அளவில்தான் இருக்கும். தோசை, புட்டு, களி, கூழ் என எதற்கும் வளைந்து கொடுக்கும். விலையும் கட்டுப்படியாகும்.

படி 5: எண்ணெய், உப்பு, சர்க்கரைக்கு மாத உச்சவரம்பு

இவை மூன்றையும் சமைக்கும்போது கரண்டி கரண்டியாகக் குறைப்பது கஷ்டம். வாங்கும்போதே குறைத்துவிடுங்கள். நாலு பேருக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து மூன்றரை லிட்டர். அது தீர்ந்தால் அந்த மாதம் அப்பளம் சுட்டது, பூரிக்குப் பதில் இடியாப்பம். எங்கள் வீட்டில் 6 லிட்டரிலிருந்து நாலு லிட்டருக்கு வர ஐந்து மாதம் ஆனது. அதில் பாதி வேலையைச் செய்தது ஒரு சின்ன எண்ணெய்க் குடுவை. கேனிலிருந்து நேரே ஊற்றுவதை நிறுத்தி, ஒரு வாரத்துக்கு வேண்டிய எண்ணெயைக் குடுவையில் ஊற்றி வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை வரை அதுதான்.

எந்த எண்ணெய் என்று எல்லோரும் கேட்பார்கள். நிறைகொழுப்பு தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம், பாமாயிலில் 40 சதவீதத்துக்கு மேல், கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 15 முதல் 20 சதவீதம். தினச் சமையலுக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெயை அவியலுக்கும் தாளிப்புக்கும் அளவாக வைக்கலாம். மரச்செக்கு எண்ணெய் வாசனைக்கு இணை கிடையாது. ஆனால் செக்கில் ஆட்டியதாலேயே எவ்வளவும் ஊற்றலாம் என்று ஆகாது. செக்கு எண்ணெயிலும் ஆலை எண்ணெயிலும் கலோரி ஒன்றுதான். பொரித்த எண்ணெயை மறுநாள் தாளிப்புக்கு எடுத்துத் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம்.

உப்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள். நாலு பேருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், வற்றல், பாக்கெட் தின்பண்டத்தில் இருப்பதும் இதற்குள் வர வேண்டும். இந்துப்பில் பொதுவாக அயோடின் சேர்ப்பதில்லை. அதற்கு முழுதாக மாறியவர்கள், அயோடின் கலந்த கல்லுப்பும் கடைகளில் கிடைக்கிறது என்பதைக் கவனிக்கவும்.

சர்க்கரையில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் உடலுக்குள் போனதும் சர்க்கரைதான். கருப்பட்டியில் கொஞ்சம் தாதுச் சத்து உண்டு, ருசி உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர் "கருப்பட்டி காபிதானே" என்று நாளுக்கு நாலு குடிப்பது ஆபத்து. சேர்க்கும் சர்க்கரை எல்லாம் ஒருவருக்கு நாளுக்கு 25 கிராமுக்குள் நிற்கட்டும். பிஸ்கட்டிலும் ஜூஸிலும் மறைந்து வருவது போக, சீட்டில் நாலு பேருக்கு ஒன்றரைக் கிலோ எழுதினால் போதும்.

படி 6: பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கம் விளம்பரம். பின்பக்கம்தான் விவரம். மூன்றே இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, உட்பொருள் பட்டியல். எது அதிக எடையோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். "மல்டிகிரெய்ன்" என்று எழுதிய பிஸ்கட்டில் முதல் சொல் 'ரீஃபைண்டு வீட் ஃப்ளார்' என்றால் அது மைதா பிஸ்கட். ராகி எங்கோ கடைசியில் 3 சதவீதம் என்று இருக்கும். சர்க்கரை பல பெயரில் வரும்: இன்வெர்ட் சிரப், குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ். 'பாமோலின்' என்றால் பாமாயிலின் ஒரு பகுதி.

இரண்டாவது, 100 கிராமுக்கான சத்து அட்டவணை. 'ஆடட் ஷுகர்' என்ற வரியைத் தனியாகப் பாருங்கள். இனிப்பு பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 20 முதல் 30 கிராம் சர்க்கரை சாதாரணம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 1000 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு. ஒரு நாள் அளவில் பாதி.

மூன்றாவது, ஒரு தடவைக்கான அளவு. 'ஒரு சர்வ்' என்று இரண்டு பிஸ்கட்டைப் போட்டிருப்பார்கள். இரண்டோடு யார் நிறுத்துவார்கள்? நீங்கள் உண்மையில் சாப்பிடும் அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் பொடிகளுக்கும் இதே சோதனைதான். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகை நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் அந்தத் தலைப்பின்கீழ் பானங்களை விற்க வேண்டாம் என்று இணைய அங்காடிகளுக்கு அறிவுறுத்தியது. வீட்டில் கேழ்வரகு, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, வேர்க்கடலை, ஏலக்காய் வறுத்து அரைத்த சத்துமாவு அதைவிட மேலானது. என்ன போட்டோம் என்று நமக்கே தெரியும்.

படி 7: காய், கீரை, பழம்

இது மளிகைச் சீட்டில் வராது, வாரச் சீட்டில் வரும். நாளுக்கு 1.6 கிலோ என்பது நிறைய வீடுகளில் பாதிகூட எட்டாது. சாம்பாரில் மிதக்கும் நாலு முருங்கைக்காய்த் துண்டு காய்கறிக் கணக்கில் வராது. மதியம் ஒரு பொரியல், ஒரு கூட்டு அல்லது கீரை, இரவுக்கும் ஒரு காய் என்று மூன்று வேண்டும். வாரம் இரண்டு முறை உழவர் சந்தைக்குப் போக முடிந்தால் பணமும் மிச்சம், காயும் புதிது. 1999-ல் மதுரையில் தொடங்கிய அந்தச் சந்தை இப்போது பல ஊர்களில் இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். கீரை அதற்குமேல் நிற்காது.

கீரை ஆய நேரமில்லை என்பவர்கள் சந்தையிலிருந்து வந்த அன்றே ஆய்ந்து, கழுவாமல், துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். கீரைக்கும் பருப்புக்கும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ பக்கத்தில் இருக்கட்டும். வைட்டமின் சி இரும்புச்சத்தை உடல் இழுத்துக்கொள்ள உதவும். டீயும் காபியும் நேர் எதிர். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அவற்றைத் தள்ளி வையுங்கள். ரத்தசோகை உள்ள பெண்கள் வீட்டில் இருந்தால் இந்த ஒரு மாற்றத்தை இன்றே செய்யுங்கள்.

படி 8: ஆர்டர் போடும் இரவுகளுக்கு முன்னேற்பாடு

வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வந்து நிற்கும்போது கைபேசியில் பிரியாணி தெரிவது இயல்பு. அந்த நேரத்தில் மன உறுதி உதவாது. பத்து நிமிடச் சாப்பாடு மூன்று தயாராக இருந்தால் உதவும். எங்கள் வீட்டு மூன்று: அடை மாவு எப்போதும் குளிர்பெட்டியில், ஊறவைத்து வேகவைத்து உறையவைத்த கொண்டைக்கடலை ஒரு டப்பா, சோற்றில் பிசையப் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு நாலாவதும் உண்டு. மாதம் இரண்டு முறை வெளியில் சாப்பிடுவது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டு, அந்த இரண்டையும் மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள்.

மாதவாரியாக எப்படிப் போகலாம்

எல்லாப் படியையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டாம். முதல் மாதம் பயறு மட்டும். இரண்டாவது மாதம் எண்ணெய்க் குடுவையும் காய்கறி வாரச் சீட்டும். மூன்றாவது மாதம் அரிசி வகையும் கேழ்வரகும். நாலாவது மாதம் பிஸ்கட், சர்க்கரை. இதை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அதற்குள் சாயங்காலச் சுண்டல் வீட்டில் வேர்விட்டிருக்கும். முதலிலேயே பிஸ்கட்டை நிறுத்தினால் பிள்ளைகளோடு சண்டைதான் மிஞ்சும்.

வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இருந்தால் பயறைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். அவர்களுக்குப் புரதத்துக்கும் பொட்டாசியத்துக்கும் தனி அளவு உண்டு. இன்சுலினோ சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். அவர்களும் கேட்டுவிட்டே மாற்ற வேண்டும்.

சரி, அடுத்த சீட்டு எழுதும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். வழக்கம்போல முதல் வரியில் அரிசியை எழுதாமல், பயறு வகைகளை ஏழு வரியில் எழுதுங்கள், ஒவ்வொன்றும் அரைக் கிலோ. மொத்தம் மூன்றரைக் கிலோ. அதற்குக் கீழே வழக்கமான சாமான்கள். அன்று இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் முதல் டப்பாவைத் திறந்து ஒரு டம்ளர் பயறை ஊறப்போடுங்கள்.